18446744073709551615: ஒரு பேரெண்ணைத் தாளும் பென்சிலும் கொண்டு ஆராயும் முறை

பெரிய முழு எண் ஒன்றின் இயல்புகளை அறிய விரும்புபவர், அதைச் சிறு எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்கத் தொடங்கிவிடுவது வழக்கம். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த எண் எப்படி உருவானது? அந்த விடை கையில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரிதான். இருபது இலக்கங்கள் கொண்ட 18446744073709551615 என்ற எண்ணை எடுத்துக்கொண்டு, பள்ளிக் கணிதத்திலிருந்து அதிகம் விலகாமல், அதன் காரணிகள் அனைத்தையும் கையாலேயே கண்டுபிடிக்கும் வழியை இங்கே படிப்படியாகப் பார்க்கலாம்.

இந்த எண் சதுரங்கப் பலகைக் கதையில் வருவது. முதல் கட்டத்தில் ஒரு தானியமணி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என இரட்டித்துக்கொண்டே சென்றால் 64 கட்டங்களிலும் சேரும் மணிகளின் மொத்த எண்ணிக்கை இதுவே. அரபு எழுத்தாளர் இபின் கல்லிகான் 13ஆம் நூற்றாண்டிலேயே இக்கதையைப் பதிவு செய்திருக்கிறார். கேரளத்தின் அம்பலப்புழை கிருஷ்ணன் கோயில் பால்பாயசத்துக்கும் இதே கணக்கைச் சொல்லும் ஐதிகம் உண்டு. அந்தக் கூட்டுத்தொகையோடு இன்னும் ஒன்றைச் சேர்த்தால் 1+1=2, 2+2=4, 4+4=8 என்று அடுத்தடுத்து இணைந்து 2⁶⁴ ஆகிவிடும். ஆகவே நம் எண் 2⁶⁴−1. இனி வரும் எல்லாவற்றுக்கும் இந்த வடிவமே அடிப்படை.

எண்ணைப் படிப்பதும் சரிபார்ப்பதும்

நீண்ட எண்ணை வலமிருந்து ஏழு ஏழு இலக்கங்களாகப் பிரித்துக்கொள்வது நம் எண்ணுமுறைக்குப் பொருந்தும், ஏனெனில் கோடி என்பது ஒன்றுக்குப் பின் ஏழு சுழியங்கள். அப்படிப் பிரித்தால் 184467 | 4407370 | 9551615 என்று வரும். இதை ஒரு லட்சத்து எண்பத்து நான்காயிரத்து நானூற்று அறுபத்தேழு கோடி கோடியே, நாற்பத்து நான்கு லட்சத்து ஏழாயிரத்து முந்நூற்று எழுபது கோடியே, தொண்ணூற்றைந்து லட்சத்து ஐம்பத்தோராயிரத்து அறுநூற்றுப் பதினைந்து என்று தயக்கமின்றிப் படித்துவிடலாம்.

அடுத்து, இருபது இலக்கங்களும் சரிதானா என்று நாமே கணக்கிட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். அறுபத்து நான்கு முறை இரட்டிக்கத் தேவையில்லை. வர்க்கம் எடுத்துக்கொண்டே போனால் ஆறு படிகளில் முடியும்: 2, 4, 16, 256, 65536, 4294967296, பிறகு 2⁶⁴. கடைசிப் படியில் 4294967296 என்பதை 42949 என்றும் 67296 என்றும் இரு ஐந்திலக்கத் துண்டுகளாக்கிக்கொள்ளுங்கள். முதல் துண்டின் வர்க்கம் 1844616601. இரண்டு துண்டுகளின் பெருக்கற்பலனின் இரு மடங்கு 5780591808. இரண்டாம் துண்டின் வர்க்கம் 4528751616. முதலாவதை வலக்கோடியிலிருந்து பத்து இடங்களும் இரண்டாவதை ஐந்து இடங்களும் இடப்பக்கம் தள்ளி, மூன்றையும் கூட்டினால் 18446744073709551616 கிடைக்கிறது. இலக்கங்களைக் கூட்டிச் சோதித்தால், 4294967296-இன் இலக்கத்தொகை 58, அதாவது 13, அதாவது 4. அதன் வர்க்கம் 16, அதாவது 7. விடையின் இலக்கத்தொகை 88, அதாவது 16, அதுவும் 7. இச்சோதனை எல்லாப் பிழைகளையும் பிடிக்காது என்றாலும், ஓர் இலக்கம் தவறியிருந்தால் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

சிறு வகுஎண்கள்

இலக்கங்களைப் பார்த்தே தெரிபவற்றை விரைவாக முடித்துக்கொள்ளலாம். எண் 5-இல் முடிவதால் 5 ஒரு காரணி. கடைசி இரண்டு இலக்கங்கள் 15 என்பதால் 25 காரணி அல்ல. இலக்கத்தொகை 87, ஆகவே 3-ஆல் வகுபடும், 9-ஆல் வகுபடாது. 7, 11, 13 மூன்றையும் ஒரே வீச்சில் சோதிக்க ஓர் அழகான வழி உண்டு. 7×11×13 = 1001 என்பதால், எண்ணை வலமிருந்து மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்து மாறிமாறிக் கூட்டிக் கழித்தால் போதும்: 615−551+709−073+744−446+18 = 1016. இதிலிருந்து 1001-ஐக் கழிக்க 15 மிஞ்சும். பதினைந்தை 7-ஆல் வகுத்தால் மீதி 1, 11-ஆல் வகுத்தால் மீதி 4, 13-ஆல் வகுத்தால் மீதி 2. மூன்றுமே காரணிகள் அல்ல.

இந்த வழியில் தொடர்ந்து போகலாம்தான். ஆனால் எண்ணின் வர்க்கமூலம் 429 கோடியைத் தாண்டுகிறது. முன்கூட்டி எதுவும் தெரியாமல் வகுத்துப் பார்ப்பவரின் எல்லை அவ்வளவு தூரத்தில் இருக்கிறது. இங்கேதான் எண்ணின் பிறப்பு நமக்கு உதவுகிறது.

முற்றொருமையால் உடைத்தல்

இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம், அவற்றின் மூலங்களின் கூடுதலையும் வித்தியாசத்தையும் பெருக்கியதற்குச் சமம் என்பது ஒன்பதாம் வகுப்புப் பாடம். 2⁶⁴ என்பது 2³²-இன் வர்க்கம். 1 என்பது 1-இன் வர்க்கம். எனவே 2⁶⁴−1 = (2³²−1)(2³²+1). இடப்பக்கக் காரணியை மறுபடியும் அதேபோல் உடைக்கலாம், அதன் பிறகும் உடைக்கலாம். இறுதியில் நிற்பவை:

3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

ஒரு முறைகூட நீள்வகுத்தல் செய்யாமல் இருபது இலக்க எண்ணை ஆறு துண்டுகளாக்கிவிட்டோம். இந்த ஆறும் ஃபெர்மா எண்கள் எனப்படுபவை: 2-இன் அடுக்கில் 1, 2, 4, 8, 16, 32 என இரட்டித்து வைத்து, கிடைப்பதோடு ஒன்றைக் கூட்டினால் இவை வரும். முதல் ஐந்தும் பகா எண்கள். பிரெஞ்சுக் கணிதவியலாளர் பியேர் டி ஃபெர்மா 1640இல் இவ்வகை எண்கள் எல்லாமே பகா எண்களாக இருக்கும் என்று தம் நம்பிக்கையைத் தெரிவித்திருந்தார். ஆறாவதாக வரும் 4294967297 அந்த நம்பிக்கையை உடைத்தது. 1732இல் லியோனார்ட் ஆய்லர் அதற்கு 641 என்ற காரணி இருப்பதைக் காட்டினார்.

641-ஐ எங்கே தேடுவது

இந்தப் பகுதியைப் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன். முழு ஆராய்ச்சியின் உயிர்நாடி இதுவே.

4294967297-ஐ வகுக்கும் பகா எண் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 2³²+1 அதனால் மீதியின்றி வகுபடுகிறது என்றால், மீதிக் கணக்கில், அதாவது அந்தப் பகா எண்ணால் வகுத்து மீதியை மட்டும் பார்த்தால், 2³² என்பது −1-க்குச் சமானம். இரு பக்கமும் வர்க்கம் எடுத்தால் 2⁶⁴ என்பது 1-க்குச் சமானம். அதாவது 2-ஐத் திரும்பத் திரும்பப் பெருக்கிக்கொண்டே வந்தால், மீதி முதன்முதலாக 1-க்குத் திரும்புவது சரியாக 64ஆம் அடுக்கில்தான். அதற்கு முன்பே திரும்பியிருந்தால், அந்த இடம் 64-இன் வகுத்தியாக, 32 அல்லது அதைவிடச் சிறியதாக இருக்க வேண்டும், அப்போது 2³²-இன் மீதியும் 1 ஆகியிருக்கும், −1 ஆகியிருக்காது. மறுபக்கம், ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி, பகா எண்ணில் ஒன்றைக் குறைத்து அதை அடுக்காக வைத்தாலும் மீதி 1 வந்தாக வேண்டும். ஆகவே பகா எண்ணில் ஒன்றைக் குறைத்தால் வருவது 64-ஆல் வகுபட வேண்டும். நாம் தேடும் காரணி, 64-இன் மடங்கோடு 1 கூட்டிய வடிவத்திலேயே இருக்க முடியும்.

பல்லாயிரம் பகா எண்கள் இந்த ஒரு நிபந்தனையால் கழிந்துபோகின்றன. 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641 என்ற வரிசையில் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 ஐந்து மட்டுமே. ஐந்தாவது சோதனையில் காரணி அகப்பட்டுவிடுகிறது.

இதையும் பின்னர் எடுவர்ட் லூக்காஸ் கூர்மையாக்கினார். 8-ஆல் வகுக்க மீதி 1 தரும் எந்தப் பகா எண்ணுக்கும், மீதிக் கணக்கில் 2 என்பது ஏதோ ஓர் எண்ணின் வர்க்கமாக அமையும். அந்த எண்ணின் அடுக்குகள் 1-க்குத் திரும்ப இரு மடங்கு தூரம், அதாவது 128 படிகள், ஆகும். எனவே காரணி, 128-இன் மடங்கோடு 1 கூட்டிய வடிவில் இருக்க வேண்டும்: 129, 257, 385, 513, 641. இவற்றில் பகா எண்கள் 257, 641 இரண்டே. அந்த இரண்டில் 257-ஐயும் நீக்கிவிடலாம், ஏனென்றால் 3×5×17×257×65537 = 4294967295, இது 4294967297-ஐவிட இரண்டு குறைவு. 257 இரண்டையும் வகுத்தால் அவற்றின் வித்தியாசமான 2-ஐயும் வகுக்க வேண்டும், அது நடவாது. ஆக, செய்து பார்க்க வேண்டிய முதல் வகுத்தலே 641-ஆல் வகுப்பதுதான்.

வகுத்துப் பார்க்காமலும் 641 ஒரு காரணி என்று நிறுவலாம். 641 = 5×2⁷+1; மேலும் 641 = 5⁴+2⁴, அதாவது 625+16. முதல் சமன்பாட்டின்படி, 641-ஆல் வகுத்த மீதிக் கணக்கில் 5×2⁷ என்பது −1. நான்காம் அடுக்கு எடுத்தால் 5⁴×2²⁸ என்பது 1. இரண்டாம் சமன்பாட்டின்படி 5⁴ என்பது −2⁴. அதை இதில் இட்டால் −2³² என்பது 1. அதாவது 2³²+1 மீதியின்றி வகுபடுகிறது. இதைவிடச் சுருக்கமாக ஒரு பத்திலக்க எண்ணின் காரணியை நிறுவிவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வகுத்தால் ஈவு 6700417. இது பகா எண்தானா? அதன் வர்க்கமூலம் 2588-க்கும் 2589-க்கும் இடையில் இருக்கிறது. அந்த எல்லைக்குள் 128-இன் மடங்கோடு 1 கூட்டிய எண்கள் இருபது. அவற்றில் பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 மட்டுமே. 257 முன்பே நீங்கிவிட்டது. மற்ற நான்கால் வகுத்தால் முறையே 44, 120, 334, 622 மீதி வருகின்றன. நான்கே வகுத்தல்களில் 6700417 பகா எண் என்பது ஐயமற உறுதியாகிறது. 65537-க்கு இன்னும் எளிது: அதன் காரணிகளும் 64-இன் மடங்கோடு 1 கூட்டிய வடிவிலேயே இருக்க முடியும், வர்க்கமூலமோ 256, அதற்குள் அவ்வடிவில் 193 என்ற ஒரே பகா எண்தான் உண்டு, அதால் வகுக்க மீதி 110. இங்கே ஒரே வகுத்தல் போதும்.

முழுக் காரணிப்படுத்தல் இதோ:

18446744073709551615 = 3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417

காரணிகள் சொல்லும் செய்திகள்

ஏழு பகாக் காரணிகளும் வெவ்வேறானவை, எதுவும் இருமுறை வரவில்லை. ஒரு வகுத்தியை அமைக்கும்போது ஒவ்வொரு பகா எண்ணையும் சேர்ப்பதா விடுவதா என்று ஏழு முறை தீர்மானிக்கிறோம்; ஆகவே வகுத்திகளின் எண்ணிக்கை 2⁷ = 128. இந்த வகுத்திகளின் கூடுதலைக் காண, ஒவ்வொரு பகாக் காரணியோடும் ஒன்று கூட்டிப் பெருக்க வேண்டும்: 4×6×18×258×642×65538×6700418. இது நம் எண்ணைப் போல் ஏறத்தாழ 1.7034 மடங்கு. தன்னை நீக்கிய வகுத்திகளின் கூடுதல் எண்ணைவிடக் குறைவாகவே இருப்பதால், இதைக் குறைவெண் வகையில் சேர்க்க வேண்டும்.

வர்க்கங்களைப் பற்றிய கேள்விகள் இன்னும் சுலபம். 5-இல் முடியும் முழு வர்க்கம் 25-இல்தான் முடியும். இது 15-இல் முடிகிறது, எனவே முழு வர்க்கம் அல்ல. நான்கால் வகுக்க மீதி 3 வருவதால் இரண்டு வர்க்கங்களின் கூடுதலாகவும் இதை எழுத முடியாது.

வகுத்திகளில் வடிவியலும் ஒளிந்திருக்கிறது. அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு ஒழுங்கான 17 பக்கப் பல்கோணம் வரைய முடியும் என்று கார்ல் பிரீட்ரிக் காஸ் 1796இல், பத்தொன்பது வயது நிறையும் முன்பே, கண்டறிந்தார். ஒற்றைப்படைப் பக்கங்கள் கொண்ட ஒழுங்கான பல்கோணத்தை அப்படி வரைய வேண்டுமானால், பக்க எண்ணிக்கை வெவ்வேறு ஃபெர்மாப் பகா எண்களின் பெருக்கலாக இருக்க வேண்டும். இது போதும் என்பதைக் காஸ் காட்டினார், இது இல்லாமல் முடியாது என்பதைப் பியேர் வான்ட்செல் 1837இல் நிறுவினார். இன்றுவரை அறியப்பட்ட ஃபெர்மாப் பகா எண்கள் 3, 5, 17, 257, 65537 ஐந்தும் நம் எண்ணுக்குள்ளேயே இருக்கின்றன. அவற்றைச் சேர்த்துப் பெறக்கூடிய பக்க எண்ணிக்கைகள், 1-ஐ நீக்கினால், 31. அதாவது இன்று நமக்குத் தெரிந்த வரையக்கூடிய ஒற்றைப்படைப் பல்கோணங்கள் அத்தனையும் இந்த 128 வகுத்திகளுக்குள் அடங்கிவிட்டன. மிகப் பெரியதற்கு 4294967295 பக்கங்கள்.

இரும வடிவில் பார்த்தல்

கணினி அறிந்தவர்களுக்கு இந்த எண் வேறொரு வகையில் பழக்கமானது. இரும முறையில் எழுதினால் இது வரிசையாக 64 ஒன்றுகள். குறியற்ற 64 பிட் முழு எண்ணாகச் சேமிக்கக்கூடிய மிகப் பெரிய மதிப்பு. இவ்வடிவில் ஃபெர்மாக் காரணிகள் கண்ணுக்கே தெரிகின்றன. எண்ணை 3-ஆல் வகுத்தால் 6148914691236517205. பதின்ம வடிவில் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் இருமத்தில் அது 0101 0101 என்று ஒன்றுவிட்டொன்றாக ஓடுகிறது. 5-ஆல் வகுத்தால் 0011 0011 என்று இரட்டை இரட்டையாக ஓடும். 17-ஆல் வகுத்தால் நான்கு சுழியம், நான்கு ஒன்று. 257-ஆல் வகுத்தால் எட்டு, எட்டு. 65537-ஆல் வகுத்தால் பதினாறு, பதினாறு. ஒவ்வொரு ஃபெர்மா எண்ணும் துண்டின் அகலத்தை இரட்டிக்கிறது. 641-ஆல் வகுத்தால் மட்டும் இந்த ஒழுங்கு கலைந்துவிடும். அந்தக் காரணி ஏன் ஃபெர்மாவின் கண்ணுக்குத் தப்பியது என்பதற்கு இதுவும் ஒரு குறிப்பு என்று நான் கருதுகிறேன்.

ஹனோய் கோபுரம் (Tower of Hanoi) என்ற புதிரும் இதே எண்ணைத் தருகிறது. மேலே பார்த்த லூக்காஸ்தான் 1883இல் அப்புதிரை வெளியிட்டார். காசியில் ஒரு கோயிலில் 64 பொற்தட்டுகளை ஒரு கம்பத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதாக அதன் கதை. தட்டு ஒன்று கூடும்போது நகர்வுகள் இரு மடங்கோடு ஒன்று கூடுவதால், 64 தட்டுகளுக்கு 2⁶⁴−1 நகர்வுகள் வேண்டும். நொடிக்கு ஒரு நகர்வு என்றால் ஏறத்தாழ 58,450 கோடி ஆண்டுகள்.

முக்கோண எண்ணா என்ற கேள்வி

1, 3, 6, 10, 15 போல 1 முதல் வரிசையாகக் கூட்டி வருபவை முக்கோண எண்கள். ஓர் எண் முக்கோண எண்ணா என்று அறிய, அதை 8-ஆல் பெருக்கி 1 கூட்ட வேண்டும். விடை முழு வர்க்கமானால் முக்கோண எண். நம் எண்ணுக்கு அது 2⁶⁷−7. இந்த வடிவம் நமக்கு அந்நியமானதல்ல. 2-இன் அடுக்கிலிருந்து 7-ஐக் கழித்தால் எப்போது முழு வர்க்கம் வரும் என்ற கேள்வியை இராமானுசன் 1913இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் எழுப்பினார். அடுக்கு 3, 4, 5, 7, 15 ஆக இருந்தால் வரும் என்று அவர் சொன்னார். வேறு எந்த அடுக்குக்கும் வராது என்பதை நார்வேயின் டிரிக்வே நாகெல் 1948இல் நிறுவினார். 67 அந்தப் பட்டியலில் இல்லை.

நாகெலின் தேற்றத்தைத் துணைக்கு அழைக்காமலும் இந்த ஓர் எண்ணுக்கு விடை காணலாம். 19-ஆல் வகுத்துப் பாருங்கள். 2⁹ = 512, மீதிக் கணக்கில் −1; ஆகவே 2¹⁸ என்பது 1. 67-இலிருந்து 54-ஐ நீக்க 13 மிஞ்சும். 2¹³ என்பது −16, அதாவது 3. அதிலிருந்து 7-ஐக் கழித்தால் −4, அதாவது 15. எந்த முழு வர்க்கத்தையும் 19-ஆல் வகுத்தால் 0, 1, 4, 5, 6, 7, 9, 11, 16, 17 இவற்றில் ஒன்றே மீதியாக வரும். 15 வராது. நம் எண் முக்கோண எண் அல்ல.

அடுத்து எடுத்துக்கொள்ள ஓர் எண்

இம்முறையைப் பழகிக்கொள்ள, இரண்டு கூட்டினால் வரும் 18446744073709551617-ஐ, அதாவது 2⁶⁴+1-ஐ, எடுத்துக்கொள்ளுங்கள். இது ஃபெர்மா எண்களில் அடுத்தது. லூக்காஸின் விதிப்படி இதன் காரணிகள் 256-இன் மடங்கோடு 1 கூட்டிய வடிவில் இருக்க வேண்டும். 1880இல் பிரான்சின் லான்ட்ரி கண்ட காரணி 274177, அது 1071×256+1. சரிபார்க்க இரண்டே படிகள் போதும். 4294967296-ஐ 274177-ஆல் வகுத்தால் மீதி 258768. அதை −15409 என்று வைத்துக்கொண்டு வர்க்கம் எடுத்தால் 237437281. 274177-ஐ 866-ஆல் பெருக்கினால் 237437282. ஆகவே 2⁶⁴ மீதிக் கணக்கில் −1. ஒன்றைக் கூட்டியதும் மீதியின்றி வகுபடுகிறது. ஈவாக வரும் 67280421310721 பகா எண். அதை உறுதிசெய்ய எத்தனை வகுத்தல்கள் தேவைப்படும் என்பதை, 6700417-க்குச் செய்த அதே வழியில், முதலில் மதிப்பிட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.